பிடுங்கிய 1971, யாரும் தொட முடியாத 1974: ஹோவர்ட் கால்பந்து அணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி நம் பக்கம் யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் பேசுவேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஹோவர்ட் அணியின் கதையில் வந்து நிற்பேன். கேட்பவர்களும் மாற்றி மாற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஹோவர்ட் சாம்பியன் ஆனது ஒரு தடவையா, இரண்டு தடவையா?

மைதானத்தில் இரண்டு, ஏட்டில் ஒன்று. 1971இல் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஜெயித்து வாங்கிய பட்டத்தைப் பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். 1974இல் மறுபடியும் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஜெயித்தார்கள். இரண்டு ஃபைனலிலும் எதிரணி செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். இரண்டாவது தடவை அவர்கள் ஊரிலேயே.

ஹோவர்ட் எங்கே இருக்கிறது? எப்படிப்பட்ட கல்லூரி?

தலைநகர் வாஷிங்டனில், ஜார்ஜியா அவென்யூவில். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருஷத்தில், 1867இல் தொடங்கினார்கள். ஆலிவர் ஹோவர்ட் என்ற ஜெனரலின் பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்களில் டாக்டர், வக்கீல், எழுத்தாளர் என்று தலைமுறை தலைமுறையாக ஆட்களை உருவாக்கிய இடம். உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷல் சட்டம் படித்தது இங்கேதான். நோபல் பரிசு வாங்கிய டோனி மாரிசனும் இங்கே படித்தவர்.

1968 மார்ச்சில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தையே கைப்பற்றி உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டனில் கறுப்பின மக்கள் வாழும் தெருக்கள் பற்றி எரிந்தன. கல்லூரியைச் சுற்றிய பகுதியும் தப்பவில்லை. நம் கதை தொடங்குவது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. எரிந்த கடைகள் பலவற்றை அப்போது இன்னும் திருப்பிக் கட்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கால்பந்தை யார் ஆடினார்கள்? அணி எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் ஆட்டம். நம் ஃபுட்பாலுக்கு அங்கே சாக்கர் என்று பெயர். ஹோவர்டில் படித்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது வேற்று ஆட்டம்.

ஆனால் ஹோவர்ட் வெளிநாட்டு மாணவர்களுக்கும் வெகு காலமாகத் திறந்திருந்த கல்லூரி. டிரினிடாட், ஜமைக்கா, நைஜீரியா, கானா, கினி என்று பல நாடுகளிலிருந்து என்ஜினீயரிங்கும் மருத்துவமும் படிக்க வந்தார்கள். பெரும்பாலும் அப்போதுதான் விடுதலை பெற்ற நாடுகள். அந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைக்கப் பழகியவர்கள். எல்லோரையும் பந்துக்காகக் கொண்டுவந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். படிக்க வந்த இடத்தில் மைதானமும் இருந்தது என்பதுதான் பலர் விஷயத்தில் உண்மை.

கோச் யார்?

லிங்கன் ஃபிலிப்ஸ். டிரினிடாட் தேசிய அணியின் கோல்கீப்பர். அமெரிக்காவுக்கு வந்து பால்டிமோர் பேஸ், வாஷிங்டன் டார்ட்ஸ் என்ற தொழில்முறை அணிகளில் ஆடியவர். 1970இல் ஹோவர்டில் பொறுப்பேற்றார். முதல் வருஷமே அணியை அரையிறுதி வரை கொண்டுபோனார், யு.சி.எல்.ஏ. என்ற லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள்.

கோல்கீப்பர்கள் நல்ல கோச் ஆவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மற்ற பத்துப் பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும்போது முழு ஆட்டத்தையும் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர் ஒருவர்தானே.

1971 சீசன் எப்படி?

ஆடியது 15, ஜெயித்தது 15. டிரினிடாடின் கீத் அக்வி, ஆல்வின் ஹெண்டர்சன், கினியின் மோரி தியானே இவர்களெல்லாம் அந்த அணியின் பெரிய பெயர்கள். அரையிறுதியில் ஹார்வர்டை 1–0 என்று வென்றார்கள். ஹோவர்டும் ஹார்வர்டும் மோதிய ஆட்டம் என்பதால், தமிழில் இதை எழுதும்போது நானே இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்கிறேன்.

ஃபைனல் டிசம்பர் கடைசியில், மயாமியின் ஆரஞ்ச் பவுல் ஸ்டேடியத்தில். எதிரே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். அன்றைய கல்லூரிக் கால்பந்தில் செயின்ட் லூயிஸ் என்றால் எட்டாத உயரம். போட்டியே 1959இல்தான் தொடங்கியது. அதற்குள் எட்டுப் பட்டம் அவர்கள் கையில். 1969, 1970 இரண்டு வருஷமும் அவர்கள்தான். அவர்களை ஹோவர்ட் 3–2 என்று வென்றது.

செயின்ட் லூயிஸ் அவ்வளவு பெரிய அணியா?

ஆமாம். அந்த ஊர்க் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் தேவாலய லீக்குகளிலும் வளர்ந்த உள்ளூர்ப் பையன்கள்தான் அந்த அணி. கோச் ஹாரி கியோ. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை அமெரிக்கா 1–0 என்று கவிழ்த்ததே, அந்த ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரராக நின்றவர். தபால் பட்டுவாடா செய்துகொண்டே பந்தாடிய மனிதர். (1950 உலகக் கோப்பை என்றதும் நமக்கு வேறு நினைவு வரும்: இந்தியா தகுதி பெற்றும் பிரேசிலுக்குப் போகாத வருஷம் அது. வெறுங்காலோடு ஆட விடவில்லை என்பதுதான் காரணம் என்று சொல்வதை நம்பிவிடாதீர்கள்.)

அன்று அமெரிக்காவுக்காக அந்த ஒரே கோலைப் போட்டவர் ஜோ கேட்ஜென்ஸ். ஹெய்ட்டிக்காரர், நியூயார்க்குக்குப் படிக்க வந்த மாணவர். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பட்டத்தை ஏன் பறித்தார்கள்?

கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. சில ஆட்டக்காரர்களுக்கு ஆடத் தகுதி இல்லை என்று விசாரித்து, 1973 தொடக்கத்தில் 1971 பட்டத்தை ரத்து செய்தது. 1972இல் ஹோவர்ட் மறுபடி அரையிறுதி வரை போய்ச் செயின்ட் லூயிஸிடம் தோற்றிருந்தது. 1973 கோப்பைப் போட்டியில் ஆடவும் தடை.

குற்றச்சாட்டில் பல விதிகள் கலந்திருந்தன. முக்கியமானவை இரண்டு.

முதலாவது, 1.600 விதி. ஒரு மாணவர் முதல் வருஷத்தில் நான்குக்குக் குறைந்தது 1.600 சராசரி மதிப்பெண் வாங்குவார் என்று பள்ளி மதிப்பெண்ணையும் அமெரிக்க நுழைவுத் தேர்வையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். டிரினிடாட் பையன் எழுதியதோ பிரிட்டிஷ் முறைத் தேர்வு. அதில் நன்றாகத் தேறியவன் என்றுதான் ஹோவர்ட் சேர்த்துக்கொண்டது. தனியாக அமெரிக்கக் கணக்குப் போடவில்லை. இது ஹோவர்ட் தரப்பில் நடந்த பிசகுதான். அலுவலகத்தில் காகிதத்தைச் சரியாக வைத்திருக்க வேண்டும். பையன்கள் படிப்பில் மக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது, வெளிநாட்டு மாணவர் விதி. சூடு இங்கேதான். ஒரு கற்பனைப் பையனை வைத்துச் சொல்கிறேன். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பள்ளி முடித்தவன். வீட்டில் உடனே அமெரிக்காவுக்கு அனுப்ப வசதி இல்லை. இரண்டு வருஷம் ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து விமான டிக்கெட்டுக்குச் சேர்க்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் பேட்டை கிளப் அணியில் ஆடுகிறான். காசு கிடையாது, ஜெயித்தால் யாராவது சோடா வாங்கிக் கொடுத்தால் உண்டு. 21 வயதில் வாஷிங்டன் வந்து இறங்குகிறான். விதி என்ன சொன்னது? 19 வயது முடிந்த பிறகு வெளிநாட்டில் ஏதாவது ஒரு அணிக்கு ஆடியிருந்தால், அப்படி ஆடிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவன் கல்லூரியில் ஆடக்கூடிய வருஷங்களில் ஒன்று கழிந்துவிடும். வந்து இறங்கும்போதே இரண்டு வருஷம் காலி.

அதே வயதில், அதே மாதிரி ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு, செயின்ட் லூயிஸ் நகரத்து அமெச்சூர் கிளப் ஒன்றில் ஆடிய அமெரிக்கப் பையனுக்கு? ஒரு நாள்கூடக் கழியாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

பணம் வாங்கி ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்களை இறக்கினார்கள் என்கிறார்களே?

தீர்ப்பில் இருப்பது அது அல்ல. பிரச்சினை வயதும் அமெச்சூர் ஆட்டமும் மதிப்பெண் கணக்கும். "வயசான ஆட்களை வைத்து ஜெயித்தார்கள்" என்று முணுமுணுப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 24 வயது ஆட்டக்காரருக்கு 19 வயதுக்காரரைவிட உடல் வலு கூடுதல் என்பதை நான் மறுக்கவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே வயது வரம்பு வைத்திருக்கலாம். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வரம்பு வைத்ததுதான் கோளாறு.

அப்படியானால் இது நிறவெறி என்று சொல்லலாமா?

ஃபிலிப்ஸும் ஆட்டக்காரர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். வேறு கல்லூரிகளிலும் வெளிநாட்டு மாணவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1966இல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் அப்படி ஒரு அணியை வைத்துத்தான் சாம்பியன் ஆனது. ஒரு கறுப்பினக் கல்லூரி, கறுப்பினக் கோச், முழுக்கக் கறுப்பின ஆட்டக்காரர்கள், அதுவும் வெள்ளைக்காரக் கல்லூரிகளின் கோட்டையில் ஏறி ஜெயித்ததும் விசாரணை வந்தால், அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே சான் ஃபிரான்சிஸ்கோவின் 1978 பட்டத்தையும், தகுதி இல்லாத ஆட்டக்காரரை இறக்கியதற்காக என்.சி.ஏ.ஏ. பின்னால் ரத்து செய்தது. ஆகவே கத்தி ஹோவர்ட் கழுத்தில் மட்டும் விழவில்லை. ஆனால் முதலில் விழுந்தது அங்கேதான். என் வரையில், கெட்ட எண்ணம் யார் மனதில் எவ்வளவு இருந்தது என்று அளக்கத் தேவையே இல்லை. விதியே ஒருதலையானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிமன்றம் போனார்களா?

போனார்கள். பல்கலைக்கழகத்தோடு மோரி தியானேவும் வழக்கில் சேர்ந்தார். வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி கெர்ஹார்ட் கெசல் முன் வந்தது. பென்டகன் ஆவணங்கள் என்ற வியட்நாம் போர் ரகசியக் காகிதங்களை வாஷிங்டன் போஸ்ட் வெளியிடக் கூடாது என்று அரசு கேட்டபோது மறுத்தாரே, அதே கெசல்தான். 1973 தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது: வெளிநாட்டு மாணவர் விதி அரசியல் சட்டத்தின் சம உரிமைக்கு விரோதம், செல்லாது, 1.600 விதி உள்ளிட்ட மற்றவை செல்லும். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டத்தைப் பறித்த அதே 1973 தொடக்கத்தில் என்.சி.ஏ.ஏ. தன் 1.600 விதியைத் தானே கைவிட்டது. ஆக, தண்டிக்கப் பயன்பட்ட இரண்டு முக்கிய விதிகளில் ஒன்றை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. மற்றதை விதி போட்டவர்களே தூக்கி எறிந்தார்கள்.

அப்புறம் பட்டம் திரும்பி வந்திருக்க வேண்டுமே?

வரவில்லை. மற்ற விதிகள் நின்றதால் தண்டனையும் நின்றது.

1971 பட்டத்தைச் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார்களா?

இல்லை. யாருக்கும் இல்லை.

1974 சீசனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஆடியது 19, ஜெயித்தது 19. போட்ட கோல் 63, வாங்கிய கோல் 6. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல்கூட விழவில்லை. கோல்கீப்பர் கோச் ஆனால் இப்படித்தான்.

மண்ணில் போட்டு மிதித்தாலும் உண்மை மறுபடி எழும் என்று ஒரு வாசகம். கிங் தன் பேச்சுகளில் அடிக்கடி சொன்னது. ஃபிலிப்ஸ் அதை அணியின் மந்திரமாக்கினார். 1971 அணியிலிருந்த ஐயன் பெயின் போன்ற சிலருக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. பறிகொடுத்தவர்களே அவர்கள்தான். புதிதாக வந்தவர்களுக்கோ, தாங்கள் பார்க்காத ஒரு கடனை வசூலிக்கும் வேலை. ஒரு சீசன் முழுக்க அந்தச் சுமையோடு ஆடுவது லேசான காரியம் இல்லை. ஒரு டிரா வந்தால்கூட "பார்த்தீர்களா" என்று சொல்ல ஆட்கள் காத்திருந்தார்கள். ஆடத் தகுதி பற்றிய காகிதங்களும் இந்தத் தடவை பழுதில்லாமல் இருக்க வேண்டும். ஆட்டத்தில் தோற்றாலாவது அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் இன்னொரு தடவை தோற்றால் தலை தூக்கவே முடியாது.

அரையிறுதியில் ஹார்ட்விக் கல்லூரி, 2–1. ஃபைனலுக்கு வந்து சேர்ந்தது யார் என்று பார்த்தால், மறுபடியும் செயின்ட் லூயிஸ். இடையில் 1972, 1973 இரண்டு பட்டமும் வாங்கி மொத்தம் பத்து ஆக்கியிருந்தார்கள். ஆட்டம் நடந்த இடம் செயின்ட் லூயிஸ் நகரத்து புஷ் ஸ்டேடியம். எதிராளி வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து.

புஷ் ஸ்டேடியம் பேஸ்பாலுக்குப் பேர்போன வட்ட அரங்கம். தரையில் புல் இல்லை. அஸ்ட்ரோ டர்ஃப் என்ற அந்தக் காலச் செயற்கை விரிப்பு. அடியில் கெட்டித் தரை, மேலே மெல்லிய பச்சைக் கம்பளம். விழுந்தால் தோல் உரியும், பந்து எழும்பினால் கண்டபடி துள்ளும். அதன் மேல் டிசம்பர் குளிரில் 90 நிமிஷம் ஆடி முடித்தபோது 1–1. கூடுதல் நேரம் ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் நைஜீரியாவைச் சேர்ந்த கென்னத் இலோடிக்வே கோல் போட்டார். 2–1.

டிவிஷன் ஒன் என்னும் மேல்மட்டத்தில் ஒரு கறுப்பினக் கல்லூரி என்.சி.ஏ.ஏ. பட்டம் வாங்கியது அதுவே முதல் தடவை.

நான்கு கூடுதல் நேரமா? பெனால்டி கிடையாதா?

அன்று ஃபைனலில் கிடையாது. யாராவது போடும் வரை ஆட வேண்டியதுதான். 1985 ஃபைனலில் யு.சி.எல்.ஏ.வும் அமெரிக்கன் பல்கலைக்கழகமும் எட்டுக் கூடுதல் நேரம் ஆடினார்கள். அதைப் பார்த்தால் ஹோவர்ட் சீக்கிரமே முடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சில வருஷங்களில் வெறுத்துப்போய் இரண்டு அணிக்கும் பட்டத்தைப் பிரித்துக் கொடுத்ததும் உண்டு. 1967இல் மோசமான வானிலையால் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு அப்படிச் செய்தார்கள். முதன்முதலாகப் பெனால்டியில் ஃபைனல் முடிந்தது 1991இல்.

1974இல் மட்டும் பெனால்டியில் முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு இத்தனை ருசி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

1971 அணி பெரிசா, 1974 அணி பெரிசா?

கணக்குப்படி 1974. ஆனால் எனக்கு 1971தான். 1974இல் எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். 1971இல் கரீபியனிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள், முன்மாதிரி எதுவும் இல்லாமல், நாட்டின் முதல் அணியை அதன் உச்சத்தில் வீழ்த்தினார்கள். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

அதன் பிறகு ஹோவர்ட் என்ன ஆனது?

1988இல் மறுபடி ஃபைனல் வந்தது. கோச் கீத் டக்கர். இண்டியானா பல்கலைக்கழகத்திடம் அவர்கள் ஊரிலேயே 0–1 என்று தோற்றது. அந்த அணியின் கோல்கீப்பரை நம்மில் பலருக்குத் தெரியும்: ஷாகா ஹிஸ்லப். 2006 உலகக் கோப்பையில் ஸ்வீடனை எதிர்த்து, பத்துப் பேராகச் சுருங்கிய டிரினிடாட் அணிக்கு ஒரு கோலும் விடாமல் நின்றாரே, அவர்தான். முதலில் ஆட வேண்டியவருக்குக் காயம் என்பதால் கடைசி நேரத்தில் இறங்கியவர். ஹோவர்டில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்தவர்.

செயின்ட் லூயிஸ் 1973க்குப் பிறகு இதுவரை ஒரு பட்டம்கூட வாங்கவில்லை. இருந்தாலும் பத்துப் பட்டம் என்ற அவர்களுடைய சாதனை அப்படியே நிற்கிறது. எட்டு வாங்கிய இண்டியானாதான் அடுத்தது.

சாம்பியன்கள் பட்டியலில் 1971க்கு நேராக இப்போது என்ன போட்டிருக்கிறது?

1970இல் செயின்ட் லூயிஸ். 1972இல் செயின்ட் லூயிஸ். நடுவில் ஹோவர்ட், 3–2, மயாமி என்று எல்லாம் இருக்கும். பக்கத்தில் ஒரு குறி. அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போனால், பட்டம் ரத்து என்று பொடி எழுத்தில் ஒரு வரி.